போட்டோகாரருக்கும் பீடையா?

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்துக் கல்யாணப் போட்டோகாரர்களுக்கு மாதம் முழுதும் விடுமுறையாம்! அவர்கள் கேட்டு வாங்கிய விடுமுறையா இது? பஞ்சாங்கம் கொடுத்த கட்டாயப் பட்டினியேயாகும். கல்யாணமும் கூடாது, நிச்சயதார்த்தமும் கூடாது. ஆகவே படமுமில்லை, ஆல்பமுமில்லை, கூட விளக்குப் பிடிக்கும் பையனுக்குக் கூலியுமில்லை. காமிராக் கடனுக்குத் தவணை கேட்கிறவனாவது பீடை மாதமென்று விட்டுவிடுகிறானா?

ஆனால் அதே மாதத்தில் அதே ஊர்ச் சபாக்களில் நடப்பதென்ன? 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸோடு நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி ஏற்பட்டது. இன்று மார்கழி என்றாலே கச்சேரி, டிக்கெட், பட்டுப்புடவை, காண்டீன் என்றாகிவிட்டது. பாட்டுக்கு உயர்ந்த மாதம் கல்யாணத்துக்கு மாத்திரம் ஆகாத மாதமா? கண்ணனே கீதையில் தன்னை மார்கழி என்று சொல்லிக்கொண்டதாகப் பிரசங்கம் செய்கிறவர்களைத்தான் கேட்கிறோம். திருவல்லிக்கேணியில் முஸ்லிம் தோழர்கள் மார்கழியிலும் நிக்காஹ் நடத்துகிறார்கள். எந்தக் குடி முழுகிப்போயிற்று?

பிறகு தை வருகிறது. அடைத்து வைத்த கல்யாணமெல்லாம் ஒரே முகூர்த்தத்தில் வந்து விழுகிறது. மண்டபக்காரர் கேட்டதே வாடகை. நாலு வீட்டார் கூப்பிட்டாலும் போட்டோகாரர் ஒரு வீட்டுக்குத்தானே போக முடியும்?

புரோகிதரில்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லுமென்று அண்ணா ஆட்சியில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. உற்றார், சிநேகிதர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். மாதம், நட்சத்திரம், ராகுகாலம் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. ரிஜிஸ்திரார் ஆபீசும் மார்கழியில் திறந்தேயிருக்கிறது. துணிந்து மார்கழியில் நாள் குறிக்கும் தோழர்களுக்கு மண்டபத்தில் பேரம் பேசவும் இடமிருக்கும்.