அரும்பாக்கமா, பெரும்பாக்கமா?

சென்னையில் இரண்டு பாக்கங்கள். இரண்டிலும் ஏழைகளுக்கென்று அரசு இடம் ஒதுக்கியது. இன்று அரும்பாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடினால் அட்வான்ஸ் தொகையைக் கேட்டே தலை சுற்றும். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு என்று விலாசம் சொன்னால், வேலை கொடுப்பவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

அரும்பாக்கத்தின் கதை 1977இல் உலக வங்கிக் கடனோடு வந்த நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் தொடங்குகிறது. அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. சின்ன மனை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, கழிப்பறை, தெரு, அவ்வளவுதான். மிச்சத்தைக் கையில் காசு சேரச் சேர அவரவர் கட்டிக்கொண்டார்கள். பக்கத்திலேயே நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிய மனை, கடைக்கும் தொழிலுக்கும் தனி மனை. அவற்றை விற்ற லாபம் ஏழையின் மனை விலையைக் குறைத்தது. அன்று நகர விளிம்புதான் என்றாலும் அண்ணா நகர் கூப்பிடு தூரம். குடியேற்றம் மெதுவாக நடக்கிறது என்று உலக வங்கியே சலித்துக்கொண்டு இந்த முறையைக் கைவிட்டது. வெகுகாலம் கழித்து அதன் ஆய்வாளர்களே திரும்பி வந்து பார்த்து, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகள் இவை என்று எழுதினார்கள். மனையை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. போகட்டுமே, விற்கும்படியான ஒரு சொத்து கையில் இருந்தது.

பிறகு நமக்கு அவசரம் வந்தது. நகரின் தென் விளிம்பில் ஏழைகளைக் குடியேற்ற 2000இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கத்தின் எட்டு மாடி அடுக்குகள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரம் வீடுகளுக்கு மேல். எல்லாம் ஏழைகளுக்கே, எல்லாம் ஒரே இடத்தில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு லாரியில் வந்து இறங்கின. நகருக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா, இப்போது விடியுமுன் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை; நல்ல காரியம். போக வர ஆகும் மணிக்கணக்கை யார் திருப்பித் தருவது? மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை இப்போதுதான் அந்தப் பக்கம் கட்டப்படுகிறது. ஆட்களை முதலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கால் நூற்றாண்டு கழித்துத் தண்டவாளம் போடுவதற்குத் திட்டமிடல் என்று பெயர்!

வெள்ள அபாயம் என்றுதான் ஆற்றங்கரையிலிருந்து கிளப்பினார்கள். கொண்டுபோன இடம் எது? தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. மடுவை ஒட்டித்தான் கண்ணகி நகர். செம்மஞ்சேரியில் பெருமழைதோறும் வீட்டுக்குள் தண்ணீர். அந்தச் சதுப்பு 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் நீர்ப்பரப்பைத் தின்று எழுந்த கண்ணாடி அலுவலகங்களும் சொகுசு அடுக்ககங்களும் அங்கேயே நிற்கின்றன. அவற்றின் வாசலுக்கு லாரி வரவில்லை.

நகருக்குள் இடமில்லை என்பார்கள். இந்தக் குடியிருப்புகளைக் கட்டிய அரசு வாரியம் நகருக்குள் உள்ள தன் பழைய அடுக்ககங்களை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டித்தானே தருகிறது? பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தை நலிந்த பிரிவினர் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி, சென்னைப் பெருநகருக்கான 2008இன் இரண்டாவது முழுமைத் திட்டத்திலேயே இருக்கிறது. விதியைப் படித்திருக்கிறோம், வீட்டைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்தத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். பெருநகர எல்லையோ 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்துவிட்டது. அடுத்த பெரும்பாக்கத்தை இன்னும் தூரத்தில் கட்ட இப்போது தாராளமாக இடம் இருக்கிறது. மூன்றாவது முழுமைத் திட்ட வரைவு பார்வைக்கு வரும்போது வரைபடத்தை விரித்துப் பாருங்கள். குடியிருப்பு என்று வண்ணம் பூசிய இடத்துக்கு இன்று எத்தனை பேருந்து போகிறது, அந்த மண்ணில் எந்த ஏரியின் தண்ணீர் ஓடுகிறது என்ற இரண்டு கேள்வியையாவது ஆட்சேபமாக எழுதிக் கொடுங்கள்.