அந்த 95 யாருடையது?

எங்கள் தெருவில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண் ஒருத்தி, சில வருடங்களுக்கு முன் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "சார், ரோட்டா சொட்டு மருந்து பாதிதான் வேலை செய்யுமாமே, அப்புறம் எதுக்கு ஊத்தணும்?" யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் 'பாதி' பிறந்த ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. ரோட்டாவாக் மருந்தை தில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். இங்கே நடத்தியது சி.எம்.சி. 2014-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருந்து பெறாத ஆயிரம் குழந்தைகளில் வருடத்துக்குச் சுமார் 32 பேருக்குக் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு, பெற்றவர்களில் 15. குறைவு 53.6 சதவீதம்.

கூடவே ஒரு வரி: 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, 35.0 முதல் 66.9 வரை. உண்மையான பலன் இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்றுதான் நானும் வெகுநாள் படித்தேன். பெயரே ஆளை ஏமாற்றுகிறது. 1937-ல் இந்த முறையைத் தந்த நெய்மன் சொன்னது வேறு. தோல் ரகம் பிரிக்கும் கைதேர்ந்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தோலில் தொண்ணூற்றைந்தைச் சரியாகப் போடுவார். ஆனால் போட்டு முடித்த ஒரு தோலைக் காட்டினால் அது சரி, இல்லையென்றால் தப்பு, அவ்வளவுதான். 95 என்பது அவர் கையின் பழக்கம், அந்தத் தோலின் குணமில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கு லாப்லாஸ் மேல் கொஞ்சம் பாசம் உண்டு. சனிக் கோளின் எடையைக் கணக்கிட்டு, பிழை நூறில் ஒரு பங்கைத் தாண்டாது என்று 11,000-க்கு ஒன்று பந்தயம் கட்டலாம் என்றவர் அவர். நமக்குத் தெரிந்ததை வைத்து எவ்வளவு நம்பலாம் என்பதே அவருக்கு நிகழ்தகவு. அந்தப் பெண் கேட்டதும் அதைத்தான். தாளில் இருப்பதோ நெய்மனின் பதில். கேள்வி ஒன்று, பதில் வேறொன்றுக்கு என்றால் எங்கள் ஆபீசில் கோப்பு திரும்பி வந்துவிடும். இங்கே யாரும் திருப்புவதில்லை. மக்களுக்குச் சொல்கிற இடத்தில் 95-ஐ விட்டுவிட்டு 32-ஐயும் 15-ஐயும் எழுதினால் போதும் என்பது என் கட்சி.

அவளிடமும் அந்த இரண்டு எண்களைத்தான் சொன்னேன். கீழ் எல்லை 35 என்றே வைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றேன். "என் பிள்ளை அந்தப் பதினஞ்சுல ஒண்ணா இருந்தா?" என்றாள். அது எந்தக் கணக்கிலும் இல்லையம்மா என்றேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஊத்திக்கொண்டு வந்தாள்.