மேப்பிள் பாகும் பாட்டியின் குலா மெலாக்காவும்

கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகன் ஜூலை விடுமுறைக்கு பாயான் லெப்பாஸ் வந்திருந்தான். ஒன்பது வயது. விமான நிலையத்திலிருந்து எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பத்தே நிமிடம்தான். ஆனால் அவன் வீட்டுக்குள் 'வந்து சேர' ஒரு வாரம் பிடித்தது.

தோசை, இடியாப்பம் எல்லாம் அவனுக்குப் புதிதல்ல. அவர்கள் குடியிருக்கும் ஸ்கார்பரோவில் இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகள் நிறைய. கொத்து ரொட்டியும் மட்டன் ரோலும் அவனுக்கு நம் பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய் மாதிரி. ஆனாலும் மூன்றாம் நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பாட்டி, இது எங்க வீட்டு சாப்பாடு மாதிரி இல்லை" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. இந்த வீட்டையும் அவன் 'எங்க வீடு' என்று சொல்ல வேண்டும் என்று பேரன் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தவர் அவர்.

"உனக்கு என்னதான்டா வேணும், பெரியம்மா செஞ்சு தர்றேன்" என்று கேட்டேன். "பட்டர் தார்ட்" என்றான்.

தீபாவளிக்கு வருடம் தவறாமல் அன்னாசி தார்ட் சுடுகிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். வேலைதான். பட்டர் தார்ட் என்பது சின்னக் கிண்ணம் போன்ற மாவுக்கூட்டில் வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, முட்டை, பாகு கலந்த கலவையை ஊற்றிச் சுடுவது. மேலே இலேசாக மொறுமொறுப்பு, உள்ளே வழியும் வழியாத பதம். ஒந்தாரியோ மாநிலத்துப் பலகாரம். அச்சில் வந்த செய்முறைகளில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது, 1900-இல் பேரி நகரத்து மருத்துவமனைக்கு உதவிய மகளிர் சங்கம் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இருக்கிறது. உலர்ந்த திராட்சை போடலாமா கூடாதா என்று கனடாக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் ஓட்டு திராட்சைக்கு. பையனின் ஓட்டு எதிர்ப்பக்கம். பாதித் தட்டு அப்படி, பாதித் தட்டு இப்படி என்று சமாதானம் ஆனோம்.

முதல் தடவை படுதோல்வி. பிற்பகல் இரண்டு மணிக்கு, பினாங்கு வெயிலில், காற்றாடியை நம்பி மாவு பிசைந்தேன். வெண்ணெய் கையிலேயே உருகிவிட்டது. மாவுக்கூடு ஓவனில் சுருங்கி, பாகு வெளியே வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. கனடாவில் சமையலறையே குளிர்ந்து கிடக்கும். புத்தகத்தில் 'குளிர்ந்த வெண்ணெய்' என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் அந்த ஒரு சொல்தான் முழுச் செய்முறையும்.

மறுநாள் இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தேன். 190 கிராம் கோதுமை மாவு, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து நறுக்கிய 115 கிராம் வெண்ணெய். விரல் நுனியால் மட்டும் உதிர்த்து, நாலைந்து மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடித்தேன். பிசையக் கூடாது. ஒரு மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்து, தேய்த்து, பன்னிரண்டு குழி உள்ள மஃபின் தட்டில் வட்டமாக வெட்டி வைத்தபின் தட்டோடு மறுபடியும் கால் மணி நேரம் குளிர வைத்தேன். பழைய செய்முறைகளில் இந்த மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் கொடுத்து உண்பது எங்கள் வழக்கம் என்பதால் வெண்ணெய் மட்டும்தான்.

உள்ளே ஊற்ற 60 கிராம் உருக்கிய வெண்ணெய், 110 கிராம் பழுப்புச் சர்க்கரை, அரைக் கப் பாகு, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வினிகர், கொஞ்சம் வெனிலா. 200 டிகிரி சூட்டில் 15 முதல் 18 நிமிடம். குழியில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என் ஓவனின் அடித்தட்டே சாட்சி.

இதில் பாகுதான் வில்லங்கம். பலர் சோளப் பாகு சேர்ப்பார்கள். பையன் கேட்டது மேப்பிள் பாகு. பேரங்காடியில் முதலில் கையில் கிடைத்த பெரிய போத்தல் மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். பின்னால் திருப்பிப் பார்த்தால் சோளப் பாகும் வாசனையும் நிறமும்! 'மேப்பிள் சுவை' என்று இருந்தால் அது மேப்பிள் அல்ல. உண்மையான போத்தலில் சேர்மானம் என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கும். விலையைப் பார்த்ததும் ஒருமுறை திரும்ப வைத்தேன், பிறகு சின்னதாக ஒன்று எடுத்தேன்.

விலைக்குக் காரணம் இருக்கிறது. இரவில் உறைபனி, பகலில் இளவெயில் என்று மாறி மாறி வரும் குளிர்கால முடிவில், சில வாரங்கள் மட்டுமே மேப்பிள் மரத்தில் நீர் ஊறும். பார்த்தால் வெறும் தண்ணீர். சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள பூர்வகுடிகள் இதை அறிந்திருந்தார்கள். இன்று உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பங்கு கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது.

சின்னப் போத்தல் முதல் தோல்வியிலேயே பாதி காலி. இரண்டாம் தடவைக்குப் போதவில்லை. நான் கடைக்குக் கிளம்ப, அம்மா மேசையில் கிடந்த போத்தலைச் சாய்த்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது பாளைத் தண்ணியைக் காய்ச்சின மாதிரியில்ல இருக்கு?" என்றார். அப்புறம் டப்பாவைத் திறந்து ஒரு குலா மெலாக்கா வட்டை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிட்டார்.

அம்மா பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தென்னம்பாளை சீவுவதும், காலையும் மாலையும் மரமேறி நீரை இறக்குவதும் அவர் கண்ணால் பார்த்தவை. நேரம் தப்பினால் புளித்துக் கள்ளாகிவிடும். உடனே காய்ச்சினால் வெல்லம். பையன் காது கொடுத்தான். போன மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் மேப்பிள் தோப்புக்குக் கூட்டிப் போனார்களாம். மரத்தில் துளை போட்டு வாளி மாட்டியிருந்ததாம். பெரிய கொட்டகையில் ஆவி பறக்கக் காய்ச்சினார்களாம்.

"எவ்வளவு உயரம் ஏறணும்?" என்று அம்மா கேட்டார்.

"ஏற வேண்டாம் பாட்டி. இங்கேதான்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"ஏறாமலேயா!" அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தோட்டத்தில் மழைநாளில் மரத்திலிருந்து விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். சிரிப்பு முடிந்ததும் அதையும் சொன்னார். பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

குலா மெலாக்காவை இரண்டு கரண்டி தண்ணீரில் உருக்கி, வடிகட்டி, இருந்த மேப்பிள் பாகோடு கலந்தோம். நம் ஊரிலும் கரும்புச் சர்க்கரை கலந்த குலா மெலாக்கா உண்டு, பார்த்து வாங்குங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரண்டுமே உடம்புக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். இரண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நீரிழிவுள்ள அம்மாவுக்குப் பாதித் தார்ட்தான் கொடுத்தேன், அதற்கே ஒரு வாக்குவாதம்.

ஓவன் இல்லாதவர்கள் நனைமோ பாரை முயன்று பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள நனைமோ ஊரின் பெயர். அடியில் கோக்கோவும் தேங்காய்த் துருவலும் கலந்த பிஸ்கட் தூள், நடுவில் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் கஸ்டர்ட் மாவு சேர்த்த வெண்ணெய்க் கிரீம், மேலே சாக்லேட். ஐஸ்பெட்டியே போதும்.

வெளியே சாப்பிடுவதென்றால், பினாங்கில் கனடா உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. சனிக்கிழமை பேரங்காடியில் பையன் அன்னாசி போட்ட ஹவாயன் பிட்சா கேட்டான். "பிட்சாவில் அன்னாசியா?" என்று என் கணவர் கிண்டல் செய்ய, "அது கனடா சாப்பாடு பெரியப்பா" என்றான். உண்மைதான். 1962-இல் ஒந்தாரியோவின் சாத்தம் நகரில் உணவகம் நடத்திய சாம் பனோபூலஸ் என்ற கிரேக்கக் குடியேறி, டின் அன்னாசியைச் சும்மா போட்டுப் பார்த்ததில் பிறந்தது. ஹவாய் என்பது அந்த டின்னில் இருந்த பெயர். சீன உணவும் விற்ற கடை அது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ருசி அங்கே புதிதில்லை. பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

ஊருக்குத் திரும்பும் முந்தின இரவு மீண்டும் பட்டர் தார்ட் சுட்டோம். இந்த முறை பையன் மேப்பிள் போத்தலைத் தொடவில்லை. முழுக்கக் குலா மெலாக்காதான் வேண்டும் என்றான், அதைச் சீவுவதும் தானே என்றான். அம்மா கத்தியைக் கொடுக்கவில்லை. தேங்காய் துருவியைக் கொடுத்தார். ஆறு தார்ட்களை டப்பாவில் வைத்து, அம்மாவுக்குக் காட்டப் போகிறேன் என்று பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். விமானம் ஏறுமுன் இரண்டு தீர்ந்துவிட்டது என்று தங்கை சொன்னாள்.