ஸ்பீக்கர் வைத்துக் கூப்பிட்ட பறவை



ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். போன ஞாயிறு அங்கங்கே வண்டியை நிறுத்தி நாள் முழுக்கப் பறவை பார்த்தோம். காட்டுக்கோழி, செம்மீசைச் சின்னான், சீகாரப்பூங்குருவி எல்லாம் மனசு நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் இன்று எழுதுவது ஒரு கோபத்தை.

ஒரு வளைவில் பெரிய கேமராக்களோடு நாலைந்து பேர். ஒருவர் பறவையின் குரலைச் சின்ன ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போடுகிறார். பறவை பதறி ஓடி வருகிறது, படம் எடுக்கிறார்கள். மறுபடியும் குரல், மறுபடியும் பறவை. கேட்டதற்கு, "பாட்டுதானே சார் போடறோம், கல்லா எறியறோம்?" என்கிறார்.

நமக்குத்தான் அது பாட்டு. பறவைக்கு அது எல்லைத் தகராறு. தன் இடத்துக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியோடு சண்டைக்கு வருகிறது. அந்த நேரத்தில் முட்டைக்கு யார் காவல்?

இருவாச்சியின் கதை இன்னும் மோசம். பெண் பறவை மரப்பொந்துக்குள் இருந்து, சின்ன இடுக்கு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்குச் சாப்பாடு. மரத்தடியில் நாம் கூட்டமாக நின்றால் ஆண் கிட்டே வராது. நமக்கு ஒரு படம்; உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

"ஆராய்ச்சியாளர்களும் குரல் போடுகிறார்களே" என்பீர்கள். அவர்கள் கணக்கெடுக்க, முறையோடு, அளவோடு போடுகிறார்கள். நாம் போடுவது லைக்குக்காக. "படம் பார்த்தால்தானே பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும்" என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படம் எடுங்கள், காத்திருந்து எடுங்கள். பழுத்த அத்தி மரத்தைக் கண்டால் தள்ளி நின்று ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். யாரும் கூப்பிடாமலே பறவைகள் வரும். பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமையைக் காட்டுவதுதான் பாடம்.

என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று நல்ல கேமரா வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். இனிமேல் பறவைப் படம் போட்டால் எப்படி எடுத்தீர்கள் என்று கட்டாயம் கேட்பேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே சட்டம்தான், மாப்பிள்ளைகள் உட்பட! ஸ்பீக்கர் வைத்து எடுத்த படத்துக்கு இந்த வாத்தியாரிடம் மார்க் கிடையாது.