நீதி மலையேறுவது எப்போது?

லிந்துலையைக் கடந்து, அக்கரப்பத்தனை வழியாக டயகம நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கும் தேயிலை மலைகளே. அவ்வீதியால் இறங்கிக் கொழும்பு மாளிகைகளுக்கு வேலை தேடிச் சென்ற நம் பிள்ளைகள் பலர். 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவ்வீதியால் ஒரு பிள்ளை பிணமாகத் திரும்பி வந்தாள். வயது பதினாறு. முன்னாள் அமைச்சரும் அன்று பாராளுமன்ற உறுப்பினருமாயிருந்த ஒருவரின் கொழும்பு இல்லத்திலே பணிப்பெண்ணாக அமர்த்தப்பட்டிருந்த அவள், அம்மாதம் 3ஆம் நாள் எரிகாயங்களுடன் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 15ஆம் நாள் உயிர் நீத்தாள். எரிகாயத்தோடு முடியவில்லை அவள் கதை. முதற் பிரேத பரிசோதனையில், அவள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தமைக்கான சான்றுகள் காணப்பட்டனவெனச் செய்தி வெளிவந்தபோது மலையகம் முழுவதும் துடித்தெழுந்தது. யூலை 30ஆம் நாள் அவளது உடல் டயகம மயானத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, இரண்டாம் பரிசோதனைக்காகப் பேராதனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. புதைத்த பின்னரும் அவளுக்கு அமைதி கிடைக்கவில்லை.

அவளது பெயரை நாடறியும். எனினும் நாம் அதனை இங்கு எழுதவில்லை. மானபங்கத்துக்கு உள்ளான பெண்ணின் பெயர் ஊர்வாயில் உருளுவதும், அவ்வூழியம் இழைத்தவன் பெயர் மறைவில் ஒதுங்கிக் கிடப்பதும் இந்நாட்டின் பழக்கமாகிவிட்டது. அப்பழக்கத்துக்கு நாமும் துணைபோகோம். அவ்வழக்கிலே தீர்ப்பெழுதும் உரிமையும் நமக்கில்லை. அது மன்றத்தின் கடமை. நாம் கேட்பது வேறொன்று. ஒரு சிறுமி டயகமயிலிருந்து புறப்பட்ட நாள்முதல் மண்ணிற் புதைக்கப்பட்ட நாள்வரை, அவளைக் காக்கும் கடமை பூண்டிருந்த அரசாங்கம் எங்கே இருந்தது?

சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பதினாறு வயதுவரை பள்ளியில் இருத்தல் வேண்டுமென்று 2016ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலே உயர்த்தப்பட்டது. சிறுவர் பாதுகாப்புக்கென 1998ஆம் ஆண்டிலேயே தேசிய அதிகாரசபை அமைக்கப்பட்டது. இத்தனை இருந்தும், அச்சிறுமி வேலையில் சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறு நிரம்பியிருந்ததா என்ற கேள்வி அவள் இறந்த பின்னரே எழுப்பப்பட்டது. உயிரோடிருந்தபோது அவள் வயதைக் கேட்க ஓர் உத்தியோகத்தர் வரவில்லை; மாண்டபின் கேட்க ஓராயிரம் பேர் வந்தனர்!

வீட்டு வேலைக்காரரைப் பற்றி இந்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. 1871ஆம் ஆண்டு வெள்ளைக்கார ஆட்சி இயற்றிய பதிவுச் சட்டம் அது. வேலைக்காரரைப் பதிவேட்டிற் பதிந்து, அவரது நடத்தையைக் குறித்துவைப்பது அதன் நோக்கம். எசமானின் வெள்ளிக் கரண்டி களவு போகாதிருக்க வேண்டுமென்பது அச்சட்டம் செய்தோரின் கவலை. வேலைக்காரியின் மானம் களவு போகாதிருக்க வேண்டுமென்ற கவலை அவர்களுக்கு இருந்ததில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து 2021ஆம் ஆண்டு வந்தபோதும் அதே சட்டமே ஏட்டில் இருந்தது. வெள்ளையன் போனான்; அவன் விட்டுச்சென்ற கவலை மாத்திரம் போகவில்லை.

டயகமச் சம்பவம் தனித்த ஒன்றென்று சொல்லித் தப்ப முனைவோர்க்கு 2009ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், மஸ்கெலியாப் பகுதித் தோட்டத்தைச் சேர்ந்த சிறுமியர் இருவர் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கால்வாயிலே பிணமாக மிதந்தனர். அவர்களும் வீட்டு வேலைக்குச் சென்றவர்களே. அன்றும் மலையகம் அழுதது, கூட்டங்கள் நடந்தன, தலைவர்கள் அறிக்கை விட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதே அழுகையை டயகமயில் மீண்டும் கேட்டோம்.

தோட்டத்தை விட்டுப் போன பெண்ணின் கதி இதுவானால், தோட்டத்திலேயே இருக்கும் பெண்ணின் கதி யாது? லயத்துக் காம்பிராவில் ஒரு பெண்ணுக்கு அநீதி நேர்ந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். அவள் முறையிடப் புறப்படும் வழியைச் சற்று நினைத்துப் பாருங்கள். முதலில் பொலிஸ் நிலையம். அங்கே அவள் தமிழிற் சொல்ல, சிங்களத்தில் எழுதப்படும் வாக்குமூலத்துக்கு, என்ன எழுதப்பட்டதென்று அறியாமலே கைந்நாட்டு இட வேண்டிய நிலை இன்னும் ஒழிந்தபாடில்லை. தமிழும் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லிற்று. நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் தமிழுக்குரிய இடத்தை 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் விரித்துரைத்தது. சாசனத்தில் ஏறிய தமிழ் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்கி நிற்பதேன்?

அடுத்தது வைத்தியசாலை. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை தாமதிக்குந்தோறும் சான்று அழிகிறது. அதன் பின்னர் நீதிமன்றம். நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ ஒவ்வொரு தவணைக்கும் போய்வர அன்றைய பேர் போகும். பஸ் கூலி போகும். துணைக்கு வருபவரின் பேரும் போகும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து. நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபா என்னும் கூலிக்காக 2015ஆம் ஆண்டுமுதல் போராடி, 2021ஆம் ஆண்டு மார்ச்சிலேதான் அதனைச் சட்டத்தால் பெற்ற மக்கள் நாம். ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குக்கு இம்மக்கள் எவ்வாறு ஈடுகொடுப்பர்? தாமதம் ஏழைக்கு மாத்திரம் விதிக்கப்படும் தண்டனையன்றோ?

தண்டனைச் சட்டக் கோவை 1995ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டது. பெண் எதிர்த்தாள் என்பதற்கு உடலிற் காயம் இருந்தே தீரவேண்டுமென்பதில்லை என அத்திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் "காயமெங்கே? கூச்சலிட்டாயா? அந்நேரத்தில் அங்கேன் போனாய்?" என்ற கேள்விகள் பொலிசிலும் ஊரிலும் ஓய்ந்தனவா? சட்டம் மாறி முப்பது ஆண்டுகள் ஆகியும் கேட்பவர் மனம் மாறவில்லை.

அரசாங்கம் மனம் வைத்தால் நீதி விரைந்து நடக்குமென்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1996ஆம் ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவியொருத்தி செம்மணியில் இராணுவத்தினரால் சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். மக்களின் குரல் எழுந்தது. 1998ஆம் ஆண்டிலே குற்றவாளிகளுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு மே மாதம் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கடையடைத்துக் கொதித்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று யாழ்ப்பாணத்திலேயே கூடி, 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. அவ்வழக்கின் பிரதான சந்தேகநபர் தப்பியோட உதவிய குற்றத்துக்காகப் பொலிஸ் உயர் அதிகாரி ஒருவருக்கே 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் நான்கு ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. காப்போனே கள்வனுக்கு வழிகாட்டிய கதைக்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமோ?

அண்டை நாட்டைப் பாருங்கள். மகாராட்டிர மாநிலத்தில் 1972ஆம் ஆண்டு பழங்குடிச் சிறுமியொருத்தி பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே பொலிசாரால் கெடுக்கப்பட்டாள். உடலிற் காயமில்லை, அவள் இணங்கியிருந்தாள் எனக் கூறி இந்திய உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு அவர்களை விடுவித்தது. சட்ட ஆசிரியர் நால்வர் அத்தீர்ப்பைக் கண்டித்து மறு ஆண்டு பகிரங்கக் கடிதம் எழுதினர். பெண்கள் தெருவுக்கு வந்தனர். 1983ஆம் ஆண்டு சட்டமே மாற்றப்பட்டது. கூலிக்காரச் சிறுமியொருத்திக்காக ஒரு பெருநாட்டின் சட்டம் அசைந்தது. அசைத்தவர்கள் மக்கள்.

இவ்விடத்தில் நமது குற்றத்தையும் நாமே ஒப்புக்கொள்ளல் வேண்டும். தோட்டத்தில் இத்தகைய கொடுமை நேர்ந்தால், "பொலிசுக்குப் போனால் குடும்ப மானம் போகும்" என்று பெண்ணின் தாயை அடக்கும் பெரியவர்கள் நம்மிடையே இல்லையா? குற்றவாளியிடம் ஒரு தொகை வாங்கிக் கொடுத்துச் "சமாதானம்" செய்துவைக்கும் தலைவர்கள் இல்லையா? கெடுத்தவனுக்கே கட்டிவைத்துக் கணக்குத் தீர்ப்போர் இல்லையா? சம்பள நிலுவையைப் பேசித் தீர்க்கலாம். பெண்ணின் மானத்தைப் பேசித் தீர்க்க முடியாது. கொழும்பிலே பிள்ளைக்கு நல்ல இடம் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு லயத்துக்கு வரும் தரகனுக்குத் தேநீர் கொடுத்து உபசரிப்போரும் நாமே. வறுமை நம்மை அந்நிலைக்குத் தள்ளிற்றென்பது உண்மை. ஆனால் வறுமையைக் காரணங்காட்டி வாய்மூடியிருக்கும்வரை தரகன் வந்துகொண்டேயிருப்பான்.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை. லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, டயகம ஆகிய பொலிஸ் நிலையங்கள் அனைத்திலும் தமிழில் எழுதவும் பேசவும் வல்ல பெண் உத்தியோகத்தர் இரவும் பகலும் கடமையில் இருத்தல் வேண்டும். வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்பட்டு, படித்துக்காட்டப்பட்டு, பிரதி கொடுக்கப்படல் வேண்டும். வைத்திய பரிசோதனை அன்றைய தினமே நடத்தல் வேண்டும். சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதற்குக் காலவரையறை விதிக்கப்படல் வேண்டும். மன்றுக்கு வரும் முறைப்பாட்டாளருக்கும் சாட்சிக்கும் இழந்த நாட்கூலி ஈடுசெய்யப்படல் வேண்டும். வீட்டுப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்று, வயதும் வேலை நேரமும் கூலியும் பாதுகாப்பும் உறுதிசெய்யும் சட்டம் வேண்டும்.

தொழிற்சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். கொழுந்தின் நிறைக்காகத் தராசடியில் வாதாடும் சங்கம், கொழுந்தெடுக்கும் பெண்ணுக்காக நீதிமன்ற வாசலில் நிற்கத் தயங்குவதேன்? தோட்டந்தோறும் பெண்களைக் கொண்ட குழு அமையட்டும். முறைப்பாட்டுக்குப் போகும் பெண்ணுடன் சங்கம் போகட்டும். அவளது வழக்குச் செலவைச் சந்தாப் பணம் தாங்கட்டும்.

ஒன்று போய் மறைந்துவிட்டால் அது "மலையேறிவிட்டது" என்பது தமிழர் வழக்கு. நீதி அவ்வாறு மலையேறிவிட்டதென்று சலித்துக்கொள்வோர் பலர். மலையில் வாழும் நாமோ அது உண்மையாகவே ஒருநாள் மலையேறி வருமென்று காத்திருக்கிறோம். காத்திருந்தது போதும். அது தானாக வராது. இறங்கிச் சென்று கையைப் பிடித்து ஏற்றிவரல் வேண்டும். டயகம மயானத்தில் தோண்டப்பட்ட அம்மண் நம்மிடம் கேட்பது கண்ணீரையன்று. அடுத்த பிள்ளை இவ்வீதியால் உயிரோடு திரும்பி வருவாளா என்ற கேள்விக்கு விடையை.