பட்டியலில் இல்லாதவர்கள்

"என் உலகத்துல டிராகன்பார்ன் கிடையாதும்மா. வேற ஏதாவது எடுத்துக்க."

இதைச் சொன்னவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நண்பன் வீட்டு மாடி அறையில், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்த மேசையில் சொன்னேன். விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவர்களுக்காக: ஐந்தாறு பேர் சேர்ந்து பகடை உருட்டி ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒருவர் டிஎம். உலகமும் அதன் ராஜாக்களும் பூதங்களும் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அன்றைக்கு டிஎம் நான்.

வந்திருந்த பெண் கல்லூரியில் இரண்டாம் வருடம். முதல்முறை விளையாட வருகிறாள். கேரக்டர் ஷீட்டை வீட்டிலேயே நிரப்பி, பின்பக்கம் பென்சிலில் படமும் வரைந்து எடுத்து வந்திருந்தாள்: டிராகன் முகம், செதில் உடம்பு, தோளில் ஒரு யாழ். ஒரு பாடகி. நான் என் மூன்று நோட்டுப் புத்தகங்களைத் தட்டிக் காட்டினேன். ஆயிரத்து இருநூறு வருட வரலாறு, ஏழு துறைமுகங்கள், ராஜ வம்சாவளி. அதில் எங்கேயும் டிராகன் முகம் கொண்டவர்கள் இல்லை. "சரிண்ணா" என்றாள். மனுஷியாக மூன்று வாரம் விளையாடினாள். நாலாவது வாரம் "எக்ஸாம் இருக்குண்ணா" என்று மெசேஜ் வந்தது. எக்ஸாம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அவள் வரவில்லை.

உலகத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று பெருமையாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பெருமைக்கு எதிரானது. என்னை மாதிரி டிஎம்கள் நிறையப் பேர் இருக்கிறோம். "லோர் கெட்டுப்போகும்" என்பதுதான் எங்கள் தாரக மந்திரம். லோர் என்றால் அந்த உலகத்தின் வரலாறு, புராணம், வம்சம், சாமி, சண்டை எல்லாம் சேர்ந்தது. புதிதாக ஒரு மக்கள்கூட்டம் உள்ளே வந்தால் அது கெட்டுவிடும் என்று நம்புகிறோம். எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: புதியவர்களுக்கு இடம் இல்லாத லோர் ஏற்கெனவே கெட்டுப்போன லோர்.

*

முதலில் "ஒரிஜினல்" என்ற பேச்சை முடித்துவிடலாம். எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் எல்லாம் ஆதிகுடிகள், டிராகன்பார்ன் நேற்று வந்தது என்பார்கள். 1974இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஹாஃப்லிங் என்ற சொல்லே கிடையாது. ஹாபிட் என்றுதான் இருந்தது. டோல்கீன் தரப்பிலிருந்து சட்ட எதிர்ப்பு வந்த பிறகு பெயர் மாறியது. ஆக, ஆதிகுடி என்று நாம் மார்தட்டும் ஹாஃப்லிங் இன்னொருத்தர் வீட்டிலிருந்து வந்த விருந்தாளி. வந்த இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கிவிட்டது. டிராகன்பார்ன் 2008இல் நான்காம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இடம்பிடித்தது. அன்றிலிருந்து எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. இன்று பதினெட்டு, பத்தொன்பது வயதில் விளையாட வருபவருக்கு எல்ஃபும் டிராகன்பார்னும் ஒரே வயசுதான். நான் என் இளமையை உலகத்தின் ஆதிகாலம் என்று நினைத்துக்கொண்டால் அது அவர் தப்பா?

ஹாபிட்டுகளே டோல்கீனின் உலகத்துக்குள் பின்னால் நுழைந்தவர்கள்தான். எல்ஃப்களின் புராணத்தை அவர் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். தி ஹாபிட் வந்தது 1937இல். அந்தப் பெரிய புராணத்தில் ஹாபிட்டுக்கு என்று ஒரு வரிகூட அதுவரை இல்லை. பிறகு தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதும்போது பிரச்சினை முற்றியது. முதல் பதிப்பில் கோலம் மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றதும் பில்போவுக்கு வெளியே போக வழியும் காட்டுகிறான். அவ்வளவு பயங்கரமான மோதிரத்தை எவன் பரிசாக வைப்பான்? டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார், 1951 பதிப்பில் புது வடிவம் வந்தது. சரி, பழைய வடிவத்தை என்ன செய்வது? அதையும் அவர் தூக்கிப் போடவில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். மோதிரத்தின் மேல் தனக்கு உரிமை இருப்பதாகக் காட்டிக்கொள்ள அவன் திரித்துச் சொன்ன கணக்கு அது. ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு மனுஷனின் பலவீனத்தை வைத்துத் தைத்திருக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது டிரீபியர்ட் வரும் இடம். மரங்களை மேய்க்கும் அந்தக் கிழவரிடம் உலகத்து உயிர்களின் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது, மனப்பாடமாக. மெர்ரியும் பிப்பினும் அதில் இல்லை. அவர் குழம்புகிறார். எங்களுக்கு ஒரு புது வரி போடுங்களேன் என்று பையன்கள் கேட்கிறார்கள். பிற்பாடு அவர் போட்டும் விடுகிறார். அந்த உலகத்திலேயே மிகப் பழைய ஆள் செய்த காரியம் இது. மூன்று நோட்டுப் புத்தகம் வைத்திருந்த நான் செய்யவில்லை.

*

"சரி, எல்லாரையும் உள்ளே விட்டுடணுமா? எப்படி வேணா விடலாமா?" இல்லை. விடுவதிலும் அயோக்கியத்தனம் உண்டு. எனக்கு அதன்மேலும் கோபம்தான்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸை எடுத்துக்கொள்வோம். எட் கிரீன்வுட் உருவாக்கிய உலகம், 1987 முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பிரபலமான களம். 2008இல் டிராகன்பார்ன்களை அங்கே குடியேற்ற வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள்? ஸ்பெல்பிளேக் என்று ஒரு மாயப் பேரழிவை வெடிக்க வைத்து, கதைக் காலத்தை ஏறக்குறைய நூறு வருடம் முன்னே தள்ளினார்கள். ஏபீர் என்ற இரட்டை உலகத்திலிருந்து நிலத்துண்டுகள் பெயர்ந்து வந்து விழுந்தன. மெசபடோமியச் சாயலில் உன்தர் என்று ஒரு நாடு இருந்தது. அது இருந்த இடத்தில் டிமாந்தர் என்ற டிராகன்பார்ன் நாடு வந்து உட்கார்ந்தது. இத்தனைக்கும் அந்த டிராகன்பார்ன்களின் கதை அருமையான கதை: டிராகன்களுக்கு அடிமையாக இருந்து, கிளர்ந்தெழுந்து விடுதலை வாங்கியவர்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்த வாசல்தான் கேவலம். உன்தரில் இருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்பதைக் கேட்க அப்போது யாருக்கும் அவசரமில்லை. பிறகு வந்த பதிப்பில் உன்தரைத் திரும்பக் கொண்டுவந்து, டிமாந்தரின் பெரும்பகுதியை அதற்குப் பிடித்துக் கொடுத்தார்கள். மேப்பில் பென்சிலால் வரைந்து ரப்பரால் அழிப்பது போல இரண்டு மக்கள்.

வெடி வைப்பதும் கதவைச் சாத்துவதும் எதிரெதிர் மாதிரி தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: வரலாறு எழுதி முடிந்துவிட்டது, இனி புதுசாக யாராவது வர வேண்டுமென்றால் வானத்திலிருந்துதான் விழ வேண்டும்.

எபெரான் உலகம் இதற்கு வேறு பதில் சொன்னது. கீத் பேக்கர் உருவாக்கிய அந்த உலகம் 2004இல் வெளியானது. அப்போது டிராகன்பார்ன் விளையாட்டின் அடிப்படை நூலில் இல்லை. 2009இல் நான்காம் பதிப்புக்கு எபெரான் வரும்போது அதே சிக்கல். அங்கே வெடி எதுவும் வைக்கவில்லை. க்யூபாரா என்ற காட்டுப் பிரதேசத்தில் அவர்கள் எப்போதோ இருந்து வாழ்பவர்கள். போருக்குத் தப்பி அங்கே குடியேறிய மனிதர்கள், செதில் வைத்தவன் எல்லாம் ஒரே ஆள் என்று நினைத்து, டிராகன்பார்னையும் பல்லிமனிதர்களையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. வரலாற்றில் அவர்கள் பெயர் வராமல் போனது அதனால்தான்.

பாருங்கள், எவ்வளவு சின்ன மாற்றம். ஒரு மலைகூட நகரவில்லை, ஒரு தேதிகூட மாறவில்லை. ஆனால் பழைய புத்தகத்தில் இருந்த மௌனத்துக்கு இப்போது அர்த்தம் வந்துவிட்டது. அது குடியேறியவர்களின் மெத்தனம். டிராகன்பார்ன் பாத்திரத்தோடு விளையாட உட்காரும் ஒருவர் முதல் காட்சியிலேயே எதிர்ப்பக்கத்து ஆளைப் பார்த்து, "இத்தனை வருஷமா எங்களை என்னன்னு கூப்பிட்டீங்க?" என்று கேட்கலாம்.

லோர் கடவுள் எழுதிய நூல் இல்லை. அந்த உலகத்துக்குள் இருக்கும் யாரோ எழுதியது. எழுதியவருக்குக் கண் தெரியாத இடங்கள் இருந்திருக்கும். புதியவர்கள் வரும் வழி அந்த இடங்கள்தான்.

*

வானத்திலிருந்து விழுந்தும் சரியாக வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2007இல் வந்த டிரெனாய். அவர்களுடைய கப்பல் நிஜமாகவே வானத்திலிருந்து விழுந்துதான் வந்தார்கள். போதாக்குறைக்கு லோரில் பெரிய ஓட்டை வேறு. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 கையேட்டில், ஈரேடார் என்ற தீய இனம்தான் சார்கெராஸைக் கெடுத்தது. புதுக் கதையில் ஈரேடார் நல்லவர்கள், அவர்களைக் கெடுத்தவன் சார்கெராஸ். கெடாமல் தப்பியவர்கள் டிரெனாய். கதையின் பொறுப்பாளர் கிறிஸ் மெட்சன், தான் எழுதியதைத் தானே மறந்துவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் டிரெனாய் அந்த உலகத்தில் வேர் பிடித்தார்கள். காரணம், அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு மக்களோடு அவர்களுக்குக் கணக்கு பாக்கி இருந்தது. ஆர்க்குகள் தங்கள் சொந்த உலகத்தில் இருந்தபோது கொன்று குவித்தது டிரெனாய்களைத்தான். அதுவரை ஆர்க் பாத்திரம் எடுத்தவர்களுக்கு முகாமில் அடைபட்ட, நாடிழந்த சோகக் கதை இருந்தது. இப்போது அவர்கள் கொன்றவர்களின் பிள்ளைகள் அதே களத்தில் எதிரே நிற்கிறார்கள். தேதி தப்பினால் மன்னிக்கலாம். வந்தவர்களால் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஒரு கேள்வியும் எழவில்லை என்றால் அதை மன்னிக்க முடியாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2022இல் வந்தது. ஸ்பெல்ஜாமரின் புதிய பதிப்பில் ஹடோசி என்ற குரங்குச் சாயல் மக்களுக்குப் புதுப் பூர்வ கதை எழுதினார்கள். வெறும் விலங்குகளாக இருந்தார்களாம். ஒரு மந்திரவாதி பிடித்து, மருந்து கொடுத்து அறிவு வர வைத்து, விற்கப் பார்த்தானாம். அவர்களுக்கு விடுதலை கிடைத்ததும் அவனுடைய சீடர்கள் உதவியால். கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றையும் அவர்கள்மேல் எறியப்பட்ட வசையையும் அறிந்த யாருக்கும் இது எங்கே இடிக்கும் என்று புரியும். கண்டனம் வந்தது, பதிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டுப் பகுதிகளை நீக்கினார்கள். "இதெல்லாம் கற்பனைதானே, ஏன் இவ்ளோ சென்சிட்டிவ்?" என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? லோரில் ஒரு தேதி மாறினால் தூக்கம் கெடுகிறவர்கள்.

எபெரானின் வார்ஃபோர்ஜ்டுகளும் போருக்காகச் செய்யப்பட்டவர்கள்தான், ஒரு வணிகக் குடும்பம் தயாரித்து விற்ற சொத்தாக இருந்தவர்கள்தான். சமாதான உடன்படிக்கை அவர்களைச் சுதந்திர மனிதர்களாக அறிவித்தது. அதற்குப் பிறகு சண்டை மட்டுமே தெரிந்த ஒருவன் எப்படிப் பிழைப்பது என்ற இடத்தில் அவர்கள் கதை தொடங்குகிறது. இரண்டு கதையிலும் அடிமைத்தனம் உண்டு. ஒன்றில் பேசுவது மந்திரவாதியின் குடுவை. மற்றதில் பேசுவது விடுபட்டவன்.

*

"அப்ப டிஎம் 'இல்லை'ன்னு சொல்லவே கூடாதா?" சொல்லலாம். ஆனால் அந்த இல்லைக்கும் ஒரு கதை வேண்டும். 1991இல் வந்த டார்க் சன் உலகத்தில் நோம்கள் கிடையாது. இடம் போதவில்லை என்பதற்காக அல்ல. அந்த உலகத்தின் வரலாற்றில் அவர்கள் திட்டமிட்டுக் கொன்று முடிக்கப்பட்டார்கள். அதைச் செய்தவன் இன்னும் ஒரு நகரத்துக்கு அரசனாக இருக்கிறான். நோமாக விளையாட ஆசைப்பட்டு அங்கே போகிறவர், அந்த இல்லையைக் கேட்டு நடுங்குவார். அந்த மறுப்பே உலகத்தை இன்னும் ஆழமாக்குகிறது. நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன இல்லை அப்படிப்பட்டதா? என்னிடம் காரணம் எதுவும் இல்லை. நான் யோசித்திருக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்காததை "கேனன்" என்று கௌரவமாகச் சொன்னேன்.

2022 டிசம்பரில் இந்த விளையாட்டின் பதிப்பாளர்கள் 'ரேஸ்' என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2024 ஹேண்ட்புக்கில் 'ஸ்பீஷீஸ்' என்று இருக்கிறது. தமிழில் விளையாடும் நாம் இரண்டுக்கும் 'இனம்' என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல் நம் வாயில் எவ்வளவு கனமானது என்று விளக்க வேண்டியதில்லை. என் மேசையில் இப்போது 'மக்கள்' என்கிறோம். எந்த மக்கள் நீ? சொல்லை மாற்றிய பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். "என் உலகத்துல அந்த இனம் கிடையாது" என்று சொல்ல சுலபமாக இருந்தது. "என் உலகத்துல அந்த மக்கள் கிடையாது" என்று சொல்ல நாக்கு தயங்குகிறது. உடனே இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது: ஏன், என்ன செஞ்சீங்க அவங்களை?

அதனால் இப்போது யாராவது நான் எதிர்பார்க்காத ஷீட்டோடு வந்தால் மூன்று விஷயம் கேட்கிறேன். உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க? எங்க ஆளுங்க ஏன் உங்களைப் பத்தி எழுதல? இப்ப நீங்க வந்ததால யாருக்குத் தூக்கம் போகும்? பதிலை வந்தவரும் நானும் சேர்ந்து கண்டுபிடிக்கிறோம். பத்து நிமிஷம் ஆகும். நோட்டில் ஒரு பக்கம் நிரம்பும்.

அந்தப் பெண்ணுக்கான பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாவது துறைமுகத்தின் வரிக் கணக்கில், படகுகளுக்கும் உப்புக்கும் நடுவே, "பாடுவோர்" என்று ஒரு இனம் முந்நூறு வருடமாக வரி கட்டி வந்திருக்கிறது. அவர்கள் மனிதர்களா என்று கணக்குப்பிள்ளை எவரும் எழுதவில்லை. தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். அவள் இப்போது வேறொரு மேசையில் விளையாடுகிறாள் என்று கேள்வி. அந்த டிஎம் அவளிடம் ஷீட்டை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் படத்தையும் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.