திரைக்குப் பின்னும் வருணமா?

நாடகம் முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. கதாநாயகனுக்கு வெள்ளிக் கோப்பை! வில்லனுக்குப் பதக்கம்! கதை தீட்டியவருக்குப் பொன்னாடை! தலைமை தாங்கியவருக்கு ஆளுயர மாலை! முன்வரிசையில் அமர்ந்து மூன்று முறை கொட்டாவி விட்ட செல்வருக்குக்கூட, வந்திருந்து சிறப்பித்தமைக்காக நன்றி! திரையை இழுத்தவனுக்கு? தட்டிகளைச் சுமந்தவனுக்கு? விளக்கின் வெப்பத்திலே வெந்து, வியர்வையிலே நனைந்து நின்றவனுக்கு? அவனுக்கும் ஒன்று கிடைத்தது, தோழர்களே! "எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டுப் போ" என்ற ஆணை கிடைத்தது!

எந்தக் கல்லூரியில் இந்தக் கொடுமை என்று கேட்காதீர்கள். ஆண்டு விழாவுக்கென அச்சிடும் அழைப்பிதழ் எதையேனும் எடுத்துப் புரட்டுங்கள். நடிப்போர் பெயர் இருக்கும். நன்கொடையாளர் பெயர் இருக்கும். தலைவர், துணைத் தலைவர், செயலாளர் பெயர்கள் பட்டங்களோடு பளிச்சிடும். மேடைக்குப் பின்னே மாய்ந்தவர்களோ, 'மற்றும் பலர்' ஆகிவிடுவர். அந்த இரண்டு சொற்களுக்குள்ளே எத்தனை இரவுகள் புதைந்து கிடக்கின்றன!

ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தொடங்குவதற்குள், விளக்கணைந்த இருளிலே, அரசவையை அகற்றிக் குடிசையை நிறுத்த வேண்டும். ஓசை எழக் கூடாது. ஒரு நாற்காலி இடம் மாறினால் நடிகன் தடுக்கி விழுவான். கடிதம் வர வேண்டிய வேளையில் கடிதம் கையில் இருக்க வேண்டும். இடி முழங்க வேண்டிய நொடியில் இடி முழங்க வேண்டும். நடிகன் வசனத்தை மறந்தால், மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒருவன் வேண்டும். முழு நாடகமும் தலைக்குள் இருந்தாலன்றி இந்தப் பணியைச் செய்ய முடியாது. நடிகனுக்குத் தன் பங்கு தெரிந்தால் போதும். மேடைப் பணியாளனுக்கோ எல்லோர் பங்கும் தெரிந்தாக வேண்டும். இதனை 'எடுபிடி வேலை' என்று பெயரிட்டு இகழ்பவர்கள் அறிவாளிகளாம்!

போகட்டும். நடிப்பது யார், சுமப்பது யார் என்பதை முடிவு செய்வது எது? "திறமை" என்பார்கள். எவருடைய திறமை சோதிக்கப்பட்டது? நிறத்தைப் பார்க்கிறார்கள், நடையைப் பார்க்கிறார்கள், நாவிலே நுனி ஆங்கிலம் நடனமாடுகிறதா என்று பார்க்கிறார்கள். "கிராமத்துப் பையன், உடம்பிலே வலுவிருக்கிறது, பலகை தூக்கட்டும்" என்கிறார்கள். தன் குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய அந்தப் பிள்ளை ஒரு வரி வசனமேனும் பேசிக் காட்ட அழைக்கப்பட்டானா? இல்லை. மாணவியின் நிலையோ இன்னும் வேடிக்கை! உடை தைக்கலாம், ஒப்பனைப் பெட்டி சுமக்கலாம். ஏணியேறி விளக்கைத் திருப்ப மட்டும் அவளுக்கு 'ஆகாது'. உழைப்பின் பங்கீடு என்று இதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். உழைப்பவர்களையே பங்கு போட்டுப் பிரிக்கும் பழைய ஏற்பாடு இது!

முகத்திலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் ஒருவன் என்று புருட சூக்தம் பேசிற்று. முகம் காட்டுபவனுக்குப் புகழ், முதுகு கொடுப்பவனுக்கு மறதி என்று கல்லூரி மேடை பேசுகிறது. இரண்டுக்கும் இடையே எத்துணை நெருக்கம், பார்த்தீர்களா?

உறவு இன்று முளைத்ததன்று. நாட்டிய சாத்திரம் என்னும் வடமொழி நூல், எல்லா வருணத்தாருக்கும் உரிய ஐந்தாம் வேதம் நாடகம் என்று முதல் அத்தியாயத்திலே பெருமை பேசுகிறது. மகிழ்ந்துபோய் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினால், அரங்கம் கட்டும்போதே வருணத்துக்கொரு தூண் நடச் சொல்கிறது! பிராமணத் தூணின் அடியிலே பொன், சத்திரியத் தூணின் அடியிலே செம்பு, வைசியத் தூணின் அடியிலே வெள்ளி, சூத்திரத் தூணின் அடியிலே இரும்பு. அடிக்கல் நாட்டும்போது சிரமணரும் காவி உடுத்தோரும் உடற்குறை உடையோரும் அங்கே நிற்கலாகாதாம். இறுதி அத்தியாயத்திலோ, முனிவர்களைக் கேலி செய்து நடித்த குற்றத்துக்காக நடிகர் குலமே சூத்திரராகுக என்று சாபம்! கூரையைத் தாங்கும் கல்லுக்கும் சாதி, சிரிக்க வைத்த கலைஞனுக்கும் சாபம்.

நம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அரங்கத்தைப் பேசுகிறது. எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளவு கூறுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சொல்கிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்தும் நுட்பத்தையும் சொல்கிறது. பூதங்களை எழுதி வைத்ததையும் மறைக்காமல் சொல்கிறது. அஃது அக்காலத்து நம்பிக்கை. நாம் போற்ற வேண்டியது அந்த விளக்கின் கணக்கை! ஆயினும், மாதவியின் பெயர் வாழ்கிறது. அவள் முகத்திலே நிழல் விழாமல் காத்த கைக்குரியவன் பெயர் எங்கே? நம் இலக்கியம் என்பதற்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடலாமா?

சப்பானிய நாட்டின் கபுகி நாடகத்திலே, மேடைமீதே நடமாடிப் பொருள்களை எடுத்துத் தருவோர் கறுப்புடை அணிவர். கறுப்பு அணிந்தவர் கண்ணுக்குத் தெரியாதவர் என்பது அங்கே மரபு. 1758-ஆம் ஆண்டு ஒசாகா நகரத்து அரங்கிலே சுழல் மேடை அமைத்தவர் நாமிக்கி சோசோ. அவர் நாடகாசிரியர், பெயர் நிலைத்தது. மேடைக்கு அடியிலே நின்று அதைத் தோள் கொடுத்துச் சுழற்றிய தொழிலாளர் பெயர் நிலைக்கவில்லை. அங்கே உடுப்பால் மறைத்தார்கள்; இங்கே மனத்தாலேயே மறைத்துவிடுகிறோம்.

நம் நாட்டுப் பழைய நாடகக் கம்பெனிகளைக் கேளுங்கள். கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தைப் பற்றியும், நவாப் இராசமாணிக்கத்தின் தந்திரக் காட்சிகளைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவர். தெய்வங்கள் வானத்தில் பறந்தன, மக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். தெய்வம் எதனால் பறந்தது? கயிற்றால் பறந்தது! கயிற்றைப் பிடித்தது யார்? மனிதன்! அவன் கை நழுவியிருந்தால் தெய்வத்தின் கால் முறிந்திருக்கும். கடவுளையே தூக்கிப் பிடித்தவனைக் கண்டுகொள்வார் இல்லை. அவன் தூக்கிய பொம்மைக்குக் கற்பூரம்!

கற்பூரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. திரை உயருமுன் மேடையிலே தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, இடையூறு நேராதிருக்க வேண்டும் வழக்கம் கல்லூரிகளிலும் இருக்கிறது. துணித் திரைக்குப் பக்கத்திலே தீ! அருகிலே வண்ணம் காயாத தட்டி! காலடியிலே மேல்தோல் உரிந்த மின்கம்பி! எர்த் கம்பி இருக்கிறதா என்று பார்த்தவர் இல்லை. வாளி நிறைய மணல் இருக்கிறதா என்று கேட்டவர் இல்லை.

1903-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலே இரோக்குவா நாடக அரங்கு எரிந்தது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விளம்பரம் செய்து திறந்த அரங்கு. திறந்து ஏறத்தாழ ஐந்து வாரமே ஆகியிருந்தது. மேடை விளக்கிலிருந்து தெறித்த பொறி துணியிலே பற்றியது. தீயைத் தடுக்க இறக்கிய திரை பாதியிலே சிக்கி நின்றது. விடுமுறைப் பகல் காட்சி. வந்திருந்தோரில் பலர் பெண்களும் குழந்தைகளும். அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஒரு திரை தடையின்றி இறங்குமா என்று முன்னரே இறக்கிப் பார்ப்பது எடுபிடி வேலையா, உயிர் காக்கும் வேலையா? சொல்லுங்கள். கற்பூரம் காக்காது, கம்பியைச் சோதிக்கும் கைதான் காக்கும்.

"மக்கள் நடிப்பைக் காண வருகிறார்கள், கயிற்றைக் காண வருவதில்லை" என்று வாதிடுவோர் உளர். உண்மைதான். மாளிகையைக் காண்போர் அடித்தளத்தைக் காண்பதில்லை. அதற்காகக் கொத்தனுக்குக் கூலி கொடுக்காமல் விடலாமா? பார்வையாளர் காணாதிருப்பது கலையின் தேவை; கல்லூரி காணாதிருப்பது கயமை.

பிறரை மட்டும் குறை கூறி என்ன பயன்? சீர்திருத்த நாடகம் நடத்தும் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். 1946-இல் அண்ணாவின் 'வேலைக்காரி' மேடை ஏறிற்று. உழைப்பவளைத் தாழ்வாக எண்ணிய உலகத்தை உலுக்கிற்று. அந்த மரபிலே வந்தோம் என்று மார் தட்டும் நாம், மேடையிலே நின்று "சாதி ஒழிக" என முழங்கிவிட்டுத் திரைக்குப் பின்னே திரும்பி, "ஏ பையா, அந்தப் பெஞ்சை எடு" என்று அதட்டினால், நாம் நடத்தியது நாடகந்தான், வேறொன்றும் இல்லை!

செய்ய வேண்டியவை எளியவை. அழைப்பிதழிலே திரை இழுப்பவர் முதல் தரை கூட்டுபவர் வரை ஒவ்வொருவர் பெயரும் அச்சாகட்டும். இந்த ஆண்டு நடித்தவன் அடுத்த ஆண்டு தட்டி சுமக்கட்டும். சுமந்தவன் வசனம் பேசிக் காட்ட அழைக்கப்படட்டும். மாணவியிடம் விளக்குப் பலகையை ஒப்படையுங்கள். மாணவன் ஊசியும் நூலும் எடுக்கட்டும். மின்சாரம் அறிந்த ஆசிரியர் ஒருவர் கம்பிகளைச் சோதித்துக் கையெழுத்திட்ட பின்னரே திரை உயரட்டும். சிறந்த நடிப்புக்குப் பரிசு வழங்கும் கை, சிறந்த மேடை அமைப்புக்கும் பரிசு வழங்கட்டும். பிரித்து அடுக்கும் வேலையிலே கதாநாயகனும் தோள் கொடுக்கட்டும். அவன் முடிசூட்டிய அரசனாக இருந்தது இரவு ஒன்பது மணியோடு முடிந்துவிட்டது!

இதற்குச் சட்டம் வேண்டாம், நிதி வேண்டாம், எவருடைய அனுமதியும் வேண்டாம். ஒத்திகை நாளன்று உங்களிலே ஒருவன் எழுந்து, "வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம்" என்று சொன்னால் போதும். நாட்டிலே சமத்துவம் வரும் நாளுக்காகக் காத்திருப்போரே, இருபதடி மேடையிலே அதைக் கொண்டுவர எவன் குறுக்கே நிற்கிறான்?